குளிர்சாதன வண்டியை ஏற்றுமுன் சோதிப்பது விவசாயியின் உரிமை

பால் சங்கத்தில் விவசாயி ஊற்றும் பாலுக்குப் பரிசோதனை உண்டு. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பற்ற திடப்பொருள் எவ்வளவு என்று பார்த்த பிறகே விலை போடுகிறார்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மணிலாவின் ஈரம் பார்க்கப்படுகிறது. கமிஷன் மண்டியில் கத்தரிக்காயைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். இப்படி விவசாயியின் விளைபொருள் வழியெங்கும் சோதனைக்கு உள்ளாகிறது. ஆனால் அந்த விளைபொருளைச் சுமந்து செல்லும் குளிர்சாதன வண்டி சரியாகக் குளிர்கிறதா என்று விவசாயி சோதிக்கும் வழக்கம் மட்டும் நம் கிராமங்களில் இன்னும் வேரூன்றவில்லை.

வண்டி வந்து நிற்கிறது. கதவைத் திறந்ததும் முகத்தில் சில்லென்று காற்று அடிக்கிறது. அதைக் கண்டு மனநிறைவு அடைந்து சரக்கை ஏற்றி விடுகின்றனர். மறுநாள் காலையில் மண்டியிலிருந்து "பாதி சரக்கு வதங்கி விட்டது" என்று தகவல் வரும்போது யாரைக் கேட்பது என்று தெரிவதில்லை. ஓட்டுநர் இயந்திரத்தின் மேல் பழி சொல்லுவார். வண்டிக்காரர் சரக்கின் மேல் பழி சொல்லுவார். நஷ்டம் மட்டும் விவசாயியின் கணக்கில் ஏறும். குளிர்சாதன இயந்திரத்தின் பராமரிப்பு வண்டிக்காரரின் சொந்த விவகாரம் அன்று. அதில் தலையிடச் சரக்குக்குச் சொந்தக்காரரான விவசாயிக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தும் முறையை அறிந்து கொள்வதும் அவருக்கு நல்லது.

ஓமந்தூருக்கு இது ஏன் முக்கியம்?

ஓமந்தூர் என்றவுடன் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக விளங்கிய ராமசாமி ரெட்டியார் நினைவுக்கு வருவார். விவசாயக் குடும்பத்திலிருந்து அப்பதவிக்கு வந்த அவருடைய ஆட்சியில்தான் 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் நிறைவேறி, ஜமீன்தாரி முறைக்கு முடிவு கட்டப்பட்டது. நிலத்தின் மீது உழவனுக்குள்ள உரிமையை நிலைநாட்டிய மண் இது. நிலத்தில் விளைந்த பொருள் சந்தைக்குப் போய்ச் சேரும் வரையிலும் அந்த உரிமை தொடர வேண்டாமா?

திண்டிவனம் வட்டத்துச் சிறு விவசாயிக்குச் சந்தைகள் எட்டாத் தூரத்தில் இல்லை. ஒரு பக்கம் புதுச்சேரி, மறுபக்கம் சென்னை. 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கோயம்பேடு மார்க்கெட்டுக்குத் திண்டிவனத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் மூன்று மணி நேரத்திற்குள் சென்று விடலாம். ஆனால் சுங்கச்சாவடியிலும், செங்கல்பட்டுக்கு அப்பால் நெரிசலிலும், மார்க்கெட் வாசலில் வரிசையிலும் நிற்கும் நேரத்தைக் கூட்டினால் ஐந்து மணி, ஆறு மணி ஆவதும் உண்டு. கோடையில் 40 டிகிரி சென்டிகிரேடு வெயிலைப் பார்க்கும் பகுதி இது. அந்த நேரம் முழுவதும் சரக்கின் கதி அந்த இயந்திரத்தின் கையில்தான் இருக்கிறது.

காய்கறியும் பழமும் பறித்த பிறகும் உயிருள்ளவை, மூச்சு விடுபவை. மூச்சு விடும்போது தம்மிடமுள்ள சத்தை எரித்து வெப்பத்தை வெளியிடுகின்றன. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இந்த மூச்சின் வேகம் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆகிறது. சூட்டில் கிடக்கும் வெண்டைக்காய் ஒரே நாளில் நார் பாய்ந்து நிறம் மங்குவது இதனால்தான்.

லூதியானாவிலுள்ள அறுவடைக்குப் பின்சார் பொறியியல் மத்திய ஆராய்ச்சி நிலையம் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் அறுவடையிலிருந்து விற்பனை வரையில் வீணாகும் அளவு தக்காளியில் 12.44 சதமும் கொய்யாவில் 15.88 சதமும் ஆகும். எட்டு கூடை தக்காளி பறித்தால் ஒரு கூடை குப்பைக்குப் போகிறது என்பது இதன் பொருள். உரத்திற்கும் மருந்துக்கும் செலவிட்டு 10 சதம் கூடுதல் மகசூல் எடுக்கப் பாடுபடும் விவசாயி, எடுத்த மகசூலிலிருந்து இவ்வளவை இழக்கிறார்.

இயந்திரம் எப்படிக் குளிர்விக்கிறது?

குளிர்சாதன இயந்திரம் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. மண்பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலுள்ள தண்ணீரின் வெப்பத்தை எடுத்துச் செல்வதால் தண்ணீர் குளிர்கிறது அல்லவா? அதே தத்துவம்தான். வண்டியில் நீருக்குப் பதிலாக 'கேஸ்' எனப்படும் குளிர்பொருள் மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருகிறது. பெட்டியின் உட்புறமுள்ள கூலிங் காயிலில் அது ஆவியாகி வெப்பத்தை வாங்குகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி வெளிப்புறமுள்ள கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே விசிறிக் காற்று பட்டு வெப்பம் வெளியேற, கேஸ் மீண்டும் திரவமாகி உள்ளே திரும்புகிறது.

சிறிய வண்டிகளில் கம்ப்ரஸர் வண்டியின் எஞ்சினிலிருந்தே பெல்ட் மூலம் ஓடுகிறது. எஞ்சினை நிறுத்தினால் குளிர்ச்சியும் நின்று விடும். நெரிசலில் எஞ்சின் மெதுவாக ஓடினால் குளிர்ச்சியும் குறையும். பெரிய லாரிகளில் குளிர்சாதனத்திற்கென்றே தனி டீசல் எஞ்சின் உண்டு. தாங்கள் வாடகைக்கு எடுக்கும் வண்டி இவ்விரண்டில் எவ்வகை என்பதை விவசாயிகள் முதலில் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

சாலையில் ஓடும் வண்டியில் இந்த இயந்திரத்தை நிலைக்கச் செய்வது எளிதாக இருக்கவில்லை. பள்ளம் மேடுகளின் குலுக்கலில் குழாய்கள் விட்டுப் போயின. 1930களின் இறுதியில் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் ஃபிரடெரிக் ஜோன்ஸ் என்பவர்தான் குலுக்கலைத் தாங்கும் கச்சிதமான இயந்திரத்தை லாரிக்கென வடிவமைத்தார். அதிகப் பள்ளிப் படிப்பு இல்லாமல் தானே தொழில் கற்ற கறுப்பின மெக்கானிக் அவர். அதற்குப் பின் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இவ்வியந்திரத்தின் முதல் எதிரி சாலைக் குலுக்கல்தான். வீட்டுக் குளிர்ப்பெட்டி ஓரிடத்தில் நிற்பதால் பல ஆண்டுகள் தொந்தரவின்றி ஓடுகிறது. வண்டியிலுள்ளது குலுக்கல், தூசி, வெயில், மழை அனைத்தையும் தாங்கி ஓடுகிறது. ஆகவேதான் இதற்கு ஓயாத கண்காணிப்பு தேவைப்படுகிறது.

வண்டியிடம் எதிர்பார்க்கக் கூடாதது

பலர் செய்யும் தவறு ஒன்றுண்டு. நண்பகல் வெயிலில் பறித்த காயை அப்படியே வண்டியில் ஏற்றி, "சென்னை போவதற்குள் குளிர்ந்து விடும்" என்று நம்புகின்றனர். குளிர்ந்த சரக்கைக் குளிர்ச்சியாகவே வைத்திருப்பதற்குத்தான் இவ்வண்டிகள் அமைக்கப்பட்டுள்ளன. சூடான சரக்கைக் குளிர்விப்பதற்கு அல்ல. ஒரு டன் கத்தரிக்காயை 35 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்குக் கொண்டு வர வேண்டுமானால் சுமார் 270 கிலோ பனிக்கட்டியை உருக்கும் அளவு வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். சிறிய வண்டியின் இயந்திரம் சில மணி நேரத்தில் இதைச் செய்வதற்கில்லை. மூச்சு வாங்க ஓடியும் பலன் இராது, இயந்திரம்தான் தேயும்.

குளிர்பதனச் சங்கிலி வளர்ச்சிக்கான தேசிய மையத்துக்காக 2015இல் செய்யப்பட்ட கணக்கெடுப்பு இக்குறையைத் தெளிவாகக் காட்டியது. நாட்டுக்கு 61,826 குளிர்சாதன வண்டிகள் தேவைப்பட்ட நிலையில் சுமார் 9,000 வண்டிகளே அப்போது இருந்தன. ஆனால் பறித்த காய்கனியைத் தரம் பிரித்து முன்கூட்டிக் குளிர்விக்கும் சிப்பமிடும் கூடங்கள் 70,080 தேவைப்பட்ட இடத்தில் இருந்தவை 249 மட்டுமே. வண்டிகளின் பற்றாக்குறையை விட இது மிகப் பெரிய பற்றாக்குறை.

கூடம் வரும் வரையில் விவசாயி செய்யக் கூடியது, விடியற்காலையில் பறிப்பது, பறித்ததை உடனே மரநிழலிலோ கூரைக் கொட்டகையிலோ சேர்ப்பது, ஈரம் தாங்கும் காய்களைச் சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி வடிய வைப்பது, காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கிரேட்டுகளில் அடுக்குவது ஆகியவையே. இவற்றைச் செய்யாமல் வண்டியைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஏற்றுமுன் பார்க்க வேண்டியவை

இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்க விவசாயி மெக்கானிக்காக இருக்க வேண்டிய அவசியமில்லை. கண், காது, கை ஆகிய மூன்றும், ஒரு தெர்மாமீட்டரும் போதும். கால் மணி நேரத்தில் முடியக் கூடிய சோதனைகள் இவை.

1. முன்குளிர்ச்சி: சரக்கு ஏற்றுவதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பாகவே இயந்திரத்தை ஓட்டி, காலிப் பெட்டியைக் குளிர வைத்திருக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியின் சுவரும் தரையும் தாமே சூட்டைக் கக்கும். குறித்த வெப்பநிலைக்குக் காலிப் பெட்டியே வரவில்லையெனில் அந்த வண்டியில் ஏற்றக் கூடாது.

2. கதவு ரப்பர்: கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கிழியாமலும் இறுகாமலும் இருக்க வேண்டும். ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்க்கலாம். எளிதில் உருவி வந்தால் அந்த இடத்தில் வெப்பக் காற்று நுழைகிறது என்று பொருள். உள்ளே ஆளை நிறுத்திக் கதவைச் சாத்தி வெளிச்சம் தெரிகிறதா என்றும் பார்க்கலாம். உள்ளே நிற்பவர் கதவைத் திறக்கும் வழியை முதலில் உறுதி செய்து கொள்ள வேண்டும்.

3. தரையும் சுவரும்: சுவரில் ஓட்டை இருந்தால் உள்ளிருக்கும் காப்புப் பொருளில் ஈரம் ஏறிக் குளிர்ச்சி வீணாகும். தரையிலுள்ள வடிகால் துளை அடைபடாமல் இருக்க வேண்டும். முன்பு மீன் ஏற்றிய வண்டியானால் நன்கு கழுவி உலர்த்திய பிறகே காய்கறி ஏற்ற வேண்டும்.

4. கண்டென்சர்: வெளிப்புறத் தகடுகளில் தூசியும் சருகும் பூச்சியும் அடைந்திருந்தால் வெப்பம் வெளியேற வழியில்லை. களத்துத் தூசியும் சவுக்குத் தோப்பின் சருகும் நிறைந்த நம் பகுதியில் இது அடிக்கடி நேரும்.

5. பெல்ட்: வெடிப்பு, பிசிர் இருக்கிறதா, தொய்ந்திருக்கிறதா என்று இயந்திரத்தை நிறுத்திய பிறகே பார்க்க வேண்டும். ஓடும்போது 'கீச்' என்ற சத்தம் வந்தால் பெல்ட் நழுவுகிறது.

6. எண்ணெய்க் கறை: குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கே கேஸ் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கேஸுடன் சேர்ந்து சிறிது எண்ணெயும் சுற்றுவதால் கசியும் இடத்தில் அது கறையாகப் படியும்.

7. உறைபனி: உள்ளிருக்கும் கூலிங் காயிலில் பனி அடர்ந்திருந்தால் காற்று புகாது. பனியை உருக்கும் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று ஓட்டுநரை இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும்.

8. போல்ட்டும் வயரும்: இயந்திரத்தைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கக் கூடாது. வயர்கள் இரும்பில் உரசித் தோல் உரிந்திருக்கக் கூடாது. பாட்டரி முனைகளில் பச்சை பூத்திருக்கக் கூடாது.

9. டீசல்: தனி எஞ்சின் உள்ள வண்டியில் அதன் டீசல், எஞ்சின் ஆயில், தண்ணீர் ஆகியவற்றின் அளவைப் பார்க்க வேண்டும். வண்டியில் டீசல் நிறைந்திருக்கக் குளிர்சாதனத் தொட்டி காலியாகி வழியில் நின்றுபோக விடக் கூடாது.

10. தெர்மாமீட்டர்: வண்டியின் முகப்பில் காட்டும் எண் காற்றின் வெப்பநிலையைத்தான் காட்டும், காயின் வெப்பநிலையை அன்று. ஊசி முனையுள்ள சிறிய தெர்மாமீட்டரைக் காயில் செருகிப் பார்ப்பதே சரி. அந்தத் தெர்மாமீட்டர் சரியா என்பதை அறியவும் வழி உண்டு. நொறுக்கிய பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அதில் முனையை வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும்.

வாரமும் மாதமும் ஆண்டும்

மேற்கூறியவை ஒவ்வொரு நடைக்கும் உரியவை. வண்டி குழுவுக்கே சொந்தமானால் இன்னும் சில கடமைகள் உண்டு. வாரம் ஒருமுறை கண்டென்சரை மெதுவான நீர்ப் பீச்சலில் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றின் பாதை அடைபடும். மரக்காணம் கடற்கரைக்கும் உப்பளத்துப் பக்கமும் போய் வரும் வண்டிகளில் உப்புக் காற்று தகடுகளை அரித்து விடும். அவற்றை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும். மாதம் ஒருமுறை பெல்ட், போல்ட், கதவுக் கீல் ஆகியவற்றை மெக்கானிக் பார்ப்பது நல்லது. தனி எஞ்சினில் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர் உண்டு. தயாரிப்பாளர் கூறிய மணிக்கணக்கில் ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்ற வேண்டும். கிலோமீட்டர் கணக்கை வைத்து இதை முடிவு செய்வது தவறு. வண்டி நின்றிருக்கும்போதும் குளிர்சாதனம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, கோடை தொடங்கும் முன்பாக, தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு கேஸ் அழுத்தம், கசிவு அனைத்தையும் சோதிக்க வேண்டும்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். குளிர்ச்சி குறைந்தால் "கேஸ் தீர்ந்து விட்டது, நிரப்பினால் சரியாகி விடும்" என்று சொல்வதும், அப்படியே நிரப்பிக் கொண்டு போவதும் பரவலாக நடக்கிறது. கேஸ் டீசலைப் போல் எரிந்து தீரும் பொருள் அன்று. மூடிய குழாயில் சுற்றும் அது குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்துவதற்கு ஒப்பாகும். இதனால் பணமும் போகிறது, காற்றும் கெடுகிறது. இவ்வண்டிகளில் பெரிதும் பயன்படும் ஆர் 404 ஏ என்ற கேஸ், எடைக்கு எடை பார்த்தால் கரியமில வாயுவைப் போல் 3,900 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்க வல்லது. இத்தகைய கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலி நகரில் உலக நாடுகள் செய்து கொண்ட உடன்பாட்டை இந்தியாவும் 2021இல் ஏற்றுக் கொண்டது. உற்பத்தியைக் குறைத்து வரப்போகும் ஒரு பொருள் மலிவாகக் கிடைக்கும் என்று எண்ணிக் கொண்டிருப்பது சரியன்று.

ஏற்றும் முறையும் பராமரிப்பில் சேர்ந்ததே

நல்ல இயந்திரத்தையும் தவறாக ஏற்றிக் கெடுக்கலாம். கூரை முட்ட அடுக்கினால் குளிர்காற்று கடைசி வரை செல்லாது. கிரேட்டுகளுக்கு மேலும், கதவுப் பக்கமும், சுவர் ஓரங்களிலும் காற்று சுற்றி வர இடைவெளி வேண்டும். ஏற்றும்போது இயந்திரத்தை நிறுத்தி வைப்பது நல்லது. கதவு திறந்திருக்க இயந்திரம் ஓடினால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே புகுந்து காயிலில் பனியாக உறையும். ஏற்றும் வேலையை விரைவில் முடித்துக் கதவைச் சாத்தி உடனே ஓட்ட வேண்டும்.

வெப்பநிலையைத் தேவைக்கு மேல் குறைத்து வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் தவறான எண்ணம். கத்தரிக்காய் 10 டிகிரிக்குக் கீழே போனால் தோலில் குழி விழுந்து விதை கறுக்கும். வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் சாம்பல் நிறமாகும். வெண்டைக்கு 7 முதல் 10 டிகிரி வேண்டும். கொத்தமல்லிக்கும் கீரைக்கும் 5 டிகிரிக்குக் கீழே வேண்டும். எனவே கத்தரியையும் கொத்தமல்லியையும் ஒரே வண்டியில் ஏற்றினால் ஏதாவது ஒன்று கெடும். எல்லாவற்றுக்கும் குளிர்வண்டி தேவை என்றும் எண்ண வேண்டாம். தர்ப்பூசணிக்கு நிழலும் வைக்கோல் மெத்தையும் இரவுப் பயணமும் போதும். மணிலாவுக்கு வேண்டியது உலர்ச்சியே, குளிர்ச்சி அன்று. வாடகைப் பணத்தைத் தேவையற்ற இடத்தில் செலவிடாமல் இருப்பதும் சிக்கனந்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைத்திருக்கும் குளிர்பெட்டியைப் பலரும் பார்த்திருப்பர். அதில் 2 முதல் 8 டிகிரிக்குள் வெப்பநிலை இருக்கிறதா என்று காலை, மாலை இருவேளையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. பெரிய படிப்புப் படித்தவர்கள் மட்டும் செய்யும் வேலை அன்று அது, பார்த்து எழுதுவதுதான். குழந்தைகளுக்குப் போடும் மருந்து வீணாகாமல் காக்க அந்த எளிய பதிவேடு துணை நிற்கிறது. விவசாயியின் சரக்குக்கு மட்டும் அப்படி ஒன்று ஏன் இருக்கக் கூடாது?

உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு வைக்க வேண்டும். தேதி, வண்டி எண், ஏற்றும்போது பெட்டியின் வெப்பநிலை, காயின் வெப்பநிலை, வழியில் இரண்டு மணிக்கு ஒருமுறை முகப்பில் தெரிந்த எண், இறக்கும்போது இருந்த வெப்பநிலை ஆகியவற்றை அதில் எழுதி, ஓட்டுநரும் விவசாயியின் ஆளும் கையெழுத்திட வேண்டும். டீசலை மிச்சப்படுத்த வழியில் இயந்திரத்தை நிறுத்தி விட்டு, மார்க்கெட் நெருங்கும்போது மறுபடி ஓட்டுகிற பழக்கத்தை இந்த நோட்டு ஓரளவு தடுக்கும். வெப்பநிலையைத் தானே பதிவு செய்யும் சிறு கருவியையும் சரக்கோடு வைத்து விட்டால் பொய்க்கு இடமே இல்லை.

வாடகைப் பேச்சும் வாய் வார்த்தையோடு நின்று விடக் கூடாது. எத்தனை டிகிரியில் கொண்டு சேர்க்க வேண்டும், வழியில் இயந்திரம் பழுதானால் யாருக்குத் தகவல் தர வேண்டும், நஷ்டத்தை யார் ஏற்பது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டால் பின்னால் சச்சரவு வராது.

மானியம் வாங்கித் தரும்; பேணித் தராது

ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தின் கீழ், சமவெளிப் பகுதிகளில் குளிர்சாதன வண்டி வாங்க வங்கிக் கடனோடு இணைந்த 35 சதவீத மானியத்துக்கு வழி செய்யப்பட்டிருக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் மானியம் வண்டி வாங்கும் நாளோடு முடிந்து விடுகிறது. வண்டியோ பல ஆண்டுகள் ஓட வேண்டும். திறப்பு விழாவுக்கு மாலை போட்ட வண்டி, பெல்ட்டுக்கும் பாட்டரிக்கும் பணமின்றி நின்று போனால் மானியமும் வீண், கடனும் பாரம்.

எனவே குழுக்கள் முதல் நாளிலிருந்தே பராமரிப்பு நிதி ஒன்றைத் தனிக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, இரண்டு டன் ஏற்றும் வண்டியில் கிலோவுக்கு 25 காசு பிடித்தால் ஒரு நடைக்கு 500 ரூபாய் சேரும். ஆண்டுக்கு 150 நடை ஓடினால் 75,000 ரூபாய். கிலோ 20 ரூபாய் விலையுள்ள கத்தரிக்காய் இரண்டு டன் ஏற்றி, அதில் கால் பங்கு கெட்டாலே ஒரே இரவில் 10,000 ரூபாய் நஷ்டம். அது இருபது நடைக்குப் பிடித்த பணத்துக்குச் சமம். இந்தக் கணக்கைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னால் 25 காசைக் கொடுக்க எந்த விவசாயியும் தயங்க மாட்டார்.

அரசும் தன் பங்கைச் செய்தல் வேண்டும். மானியத்தின் ஒரு பகுதியை முதல் மூன்று ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கென ஒதுக்கலாம். வண்டி ஓடுகிறதா என்று மட்டும் பாராமல், குளிர்கிறதா என்றும் ஆண்டுதோறும் சோதித்த பிறகே அடுத்த உதவிகளை வழங்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் குளிர்சாதன மெக்கானிக் தொழிலுக்கு இரண்டாண்டுப் பயிற்சி உள்ளது. அப்பயிற்சி பெறும் கிராமத்து இளைஞர்களுக்கு வண்டிக் குளிர்சாதனத்தையும் கற்பித்தால் திண்டிவனத்திலேயே பழுது பார்க்க ஆள் கிடைப்பர்; ஒவ்வொரு சிறு பழுதுக்கும் சென்னைக்கு ஓட வேண்டாம். திண்டிவனத்திலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையம், பயிர்ப் பயிற்சிகளோடு ஏற்றுமுன் சோதனைக்கும் ஒரு நாளை ஒதுக்குதல் பொருத்தமாகும்.

மறுப்புகளுக்கு விடை

"அரை ஏக்கர் கத்தரி போட்டவனுக்கு இதெல்லாம் எதற்கு? அவன் இரண்டு கிரேட் ஏற்றுகிறவன்தானே?" என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. தனி ஆளாக அவர் சொன்னால் ஓட்டுநர் காது கொடுக்க மாட்டார். ஆனால் இரண்டிரண்டு கிரேட் ஏற்றும் நாற்பது பேர் சேர்ந்ததுதான் ஒரு வண்டிச் சரக்கு. அந்த நாற்பது பேர் சார்பில் முறை வைத்து ஒருவர் சோதித்தால் போதும். சோதனைக்குக் கால் மணி. மாதத்தில் ஒரு முறைக்கு மேல் ஒருவருக்கு முறை வராது.

"வண்டியே கிடைப்பதில்லை, சோதனை என்று சொன்னால் வந்த வண்டியும் போய் விடும்" என்பது இன்னொரு மறுப்பு. பறிப்புக் காலத்தில் இந்த அச்சம் இருக்கத்தான் செய்யும். ஆயினும் குளிராத வண்டிக்குக் குளிர்வண்டி வாடகை கொடுப்பதை விட, தார்ப்பாய் போட்ட சாதாரண வண்டியில் இரவில் அனுப்புவது செலவில் குறைந்தது, நஷ்டத்திலும் குறைந்தது. மூடிய பெட்டியில் குளிர்ச்சி நின்று போனால் காற்றோட்டமும் இல்லாமல் சரக்கு வெந்து போகும். இரண்டொரு முறை இப்படித் திருப்பி அனுப்பினால், நன்கு பேணிய வண்டியைக் கொண்டு வர வேண்டும் என்பதை வண்டிக்காரர்களும் உணர்வர். இயந்திரத்தை நல்ல முறையில் வைத்திருக்கும் வண்டிக்காரருக்கு நிலையான வேலை கொடுப்பதும் விவசாயிகளின் கடமையாகும்.

பழைய நாளில் கட்டை வண்டி பூட்டுமுன் அச்சுக்கு மை போட்டார்களா, கடையாணி இருக்கிறதா, நுகத்தடி சரியா என்று பார்க்காமல் எந்தக் குடியானவரும் சந்தைக்குப் புறப்பட்டதில்லை. மாட்டின் குளம்பில் லாடம் தளர்ந்திருந்தால் அன்று பயணம் இல்லை. அந்தப் பார்வை மறந்து போன ஒன்று அன்று. இன்று பம்புசெட் மோட்டாரின் சத்தம் மாறினால் வரப்பிலிருந்தே கண்டு கொள்ளும் காது நம் விவசாயிக்கு உண்டு. அந்தக் கண்ணையும் காதையும் குளிர்வண்டியின் பக்கமும் திருப்ப வேண்டும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டுப் புத்தகம், நடைக்குக் கால் மணி நேரம், கிலோவுக்குக் கால் ரூபாய் ஆகிய நான்கும் சேர்ந்ததே குளிர்வண்டியின் அச்சாணி. வரும் கோடைப் பறிப்புக்கு முன்பாக, ஓமந்தூர் வட்டாரத்து விவசாயிகள் தங்கள் குழுக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துப் பேசி, சோதிக்காத வண்டியில் சரக்கு ஏற்றுவதில்லை என்று தீர்மானம் செய்தல் வேண்டும். ஏற்றிய பின் வருந்துவதை விட ஏற்றுமுன் பார்ப்பதே மேல்.